மலையின் கணக்கை யார் எழுதுவது?

தொண்டு நிறுவனங்கள் சொல்லும் எண்களும் கதைகளும் யாருக்காக? கரியாலூரிலிருந்து சிட்லிங்கி வரை ஒரு தேடல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறினால் கரியாலூர். அதைத் தாண்டினால் கல்வராயன் மலை ஒன்றியத்தின் தலைமையிடமான வெள்ளிமலை. படகுத்துறை, பூங்கா, பெரியார் அருவி என்று சுற்றுலா வருகிறவர்களுக்குப் பழக்கமான வட்டாரம். சாலையை விட்டு உள்ளே நடந்தால் மரவள்ளிக் காடு, சாமைக் கொல்லை, கடுக்காய் மரம். அங்கிருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். ஜாகிர்தார்கள் என்ற நிலக்கிழார்களின் பிடியில் கிடந்த இந்த மலை, முழுமையாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று அதற்குள் 29 ஆண்டுகள் ஓடியிருந்தன.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த நாட்களில் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் கல்வராயன் மலையை நோக்கித் திரும்பின. சாராய ஊறல் அழிப்பு, தேடுதல் வேட்டை, பிடிபட்ட பேரல்கள் என்று அந்தப் படங்கள்தான் நாள்தோறும் வந்தன. மலையில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்டவர்கள் குறைவு. அடுத்த மாதமே அந்தக் கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, மலைமக்களின் சாலை, பள்ளி, மருத்துவம், பிழைப்பு பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது.

கரியாலூர் வட்டாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேர் முதல் பிறந்த நாளைப் பார்க்கிறார்கள்? எட்டாம் வகுப்பு முடித்த பெண்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புக்குப் போகிறார்கள்? பிரசவ வலி எடுத்த பெண், மருத்துவமனைக் கட்டிலை அடைய எவ்வளவு நேரமாகிறது? ஒரு மலையின் நிலையை அறிய இவையே முதல் கேள்விகள். அரசுக்கு இந்தப் பொறுப்பு உண்டு. இதே மக்களின் பெயரைச் சொல்லி நன்கொடை திரட்டும் ஒவ்வொரு தொண்டு நிறுவனத்துக்கும் உண்டு.

சராசரிக்குள் மறையும் மலை

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-இல். நாட்டின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. அப்போது இது விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வும் பழைய மாவட்ட எல்லைகளையே வைத்துக்கொண்டது. கடலோர மரக்காணமும் மலைமேல் கரியாலூரும் அந்தக் கணக்கில் ஒரே வரியில் அடங்கின.

போதாததற்கு மலையே மாவட்ட எல்லைகளால் துண்டுபட்டிருக்கிறது. கருமந்துறைப் பக்கம் சேலத்தோடு சேர்ந்தது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் கள்ளக்குறிச்சியோடு. மலையாளி மக்களோ கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, கொல்லிமலை, ஏலகிரி என்று பல மாவட்டங்களில் பரவி வாழ்கிறார்கள். 2011 கணக்கின்படி தமிழகப் பழங்குடிகள் 7.94 லட்சம் பேர். அவர்களில் மலையாளிகள் மட்டும் சுமார் 3.58 லட்சம். மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருந்தபோது பழங்குடிகளின் எழுத்தறிவு 54.3 விழுக்காடு. இந்த இடைவெளி மாநில அளவில் கண்ணில் படுகிறது. மாவட்டச் சராசரிக்குள் போனதும் சமவெளியின் பெருந்தொகை மலையின் சிறுதொகையை விழுங்கிவிடுகிறது. அதற்கும் கீழே, ஒரு குக்கிராமத்தின் நிலை எந்த அட்டவணையிலும் இல்லை.

தொண்டு நிறுவனம் ஒன்று மலையில் செய்யக்கூடிய முதல் பெரும்பணி இந்த இடத்தில் தொடங்குகிறது. அரசின் பெரிய சல்லடையில் விழுந்துவிடும் சிறிய ஊரின் பிறப்பையும் இறப்பையும் படிப்பையும் பசியையும் விடாமல் எழுதி வைப்பதுதான் அந்தப் பணி.

முகாம் எத்தனை என்பது தாக்கம் ஆகாது

பல நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் ஒரே மாதிரியான பட்டியல் கண்ணில் படும். இத்தனை மருத்துவ முகாம், இத்தனை பயனாளிகள், இத்தனை மரக்கன்றுகள், இத்தனை தையல் இயந்திரங்கள். அத்தனையும் நடந்த வேலைகள்தாம்; உழைப்பும் உண்மை. ஆனால் அந்த வேலைகளால் யாருடைய வாழ்க்கை எப்படி மாறியது என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இருக்காது.

ஒரே பாட்டி நான்கு முகாம்களுக்கு வந்து நான்கு முறை மாத்திரை வாங்கினால் பதிவேட்டில் நான்கு பயனாளிகள். அவருடைய ரத்த அழுத்தம் குறைந்ததா என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை இருக்கும். இரண்டு கோடைகளைத் தாண்டி நின்றவை எத்தனை என்பது இருக்காது. தையல் பயிற்சி பெற்றவர்களின் குழுப் படம் இருக்கும். ஒரு வருடம் கழித்து அந்தத் தொழிலில் சம்பாதிக்கிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இருக்காது.

செய்த வேலையை எண்ணுவது எளிது, ரசீதும் கையெழுத்தும் கையிலேயே இருக்கின்றன. விளைந்த மாற்றத்தை எண்ண வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே ஊரின் நிலையை அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இதற்குப் பொறுமையும் பணமும் தேவை. நிறுவனங்கள் சட்டத்தின்படி, பெரிய லாபம் ஈட்டும் வணிக நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். சராசரியாக 10 கோடி ரூபாய்க்கு மேல் இந்தக் கடப்பாடு உள்ளவை, ஒரு கோடிக்கு மேற்பட்ட திட்டங்களின் தாக்கத்தை வெளியாரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் கரியாலூர் போன்ற இடங்களில் வேலை செய்யும் சிறிய அமைப்புகளுக்கு வரும் நிதி பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கும். அவர்களை அளக்கச் சொல்லிச் சட்டம் வற்புறுத்தாது. சொந்த மனசாட்சிதான் வற்புறுத்த வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு

மனசாட்சி அப்படி வற்புறுத்தியதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கும் மலையாளி மக்கள். கூடவே லம்பாடி மக்களின் குடியிருப்புகளும் உண்டு. 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மயக்கவியல் படித்தவர், மற்றவர் மகப்பேறு மருத்துவர். ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த மண்சுவர்க் கூரை வீடுதான் முதல் மருத்துவமனை. பழங்குடி நல முன்முயற்சி என்ற பொருளில் 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்று அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள்.

அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். நாட்டின் சராசரியே அப்போது எண்பதுக்குக் கீழே வந்துவிட்டிருந்தது. 147 என்பதை ஊர்க்கணக்கில் சொன்னால், பிறக்கும் ஏழு குழந்தைகளில் ஒன்று. ஏழு தொட்டில் கட்டிய தெருவில் ஒரு தொட்டிலை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஆண்டுகள் போகப் போக அந்த எண் இருபதை ஒட்டி இறங்கியது. அதாவது ஐம்பதில் ஒன்று.

இதைச் செய்ததில் டாக்டர்களுக்கு இருக்கும் பங்கு, ஊர்ப்பெண்களுக்கும் இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களுக்கே நோய் அறியவும் பிரசவம் பார்க்கவும் பயிற்சி தந்து சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். ஒவ்வொரு ஊரும் தன் மூத்த பெண் ஒருவரைத் தேர்ந்து அனுப்பியது. கர்ப்பிணியின் சாப்பாடு, பச்சைக் குழந்தையின் பராமரிப்பு, ஆபத்தின் அறிகுறிகள் ஆகியவற்றைக் கற்று, வீடு வீடாகப் போய்ப் பேசியவர்கள் அவர்கள். அந்த வீட்டுக்குள் நடப்பது ஆண்டறிக்கை எழுதுகிறவருக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். எண்ணைச் சேகரிப்பவரும் அந்த எண்ணின் வலியை உணர்பவரும் ஒருவராக இருக்கும்போது கணக்கில் பொய் நுழைய இடமில்லை.

ஊர் ஊராகப் பேசிப் பார்த்ததில் நோய்க்குப் பின்னால் உழவின் சரிவு இருப்பது தெரிந்தது. பூச்சிமருந்து, உரம் என்று செலவு ஏறி, கடனாகி, ஆட்கள் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். சாமையும் கேழ்வரகும் தட்டிலிருந்து மறைகின்றன. அதன் பிறகுதான் அங்கே இயற்கை உழவர் சங்கம் உருவானது. லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமாரின் பூவேலையை மீட்டெடுத்து 'பொர்கை' என்ற பெயரில் தொழிலாக்கினார்கள். மருத்துவமனையில் தொடங்கிய கணக்கு, வயலையும் ஊசி நூலையும் தேடிப் போயிருக்கிறது. தாக்கத்தை அளப்பதன் முதல் பயன் நன்கொடையாளரை மகிழ்விப்பதில் இல்லை. அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று நமக்கே தெரிகிறதே, அதுதான்.

இந்த இடத்தில் நேர்மையான ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தமிழகத்தின் குழந்தை இறப்பு விகிதம் ஐம்பதுகளில் இருந்தது. 2020-இல் 13 ஆனது. சாலை வந்தது, ஆரம்ப சுகாதார நிலையங்கள் வலுப்பட்டன, 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, மகப்பேறு நிதியுதவி வந்தது. ஆகவே எந்தப் பகுதியிலும் குறைந்த இறப்பு முழுவதையும் ஒரு தொண்டு நிறுவனம் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. மாநிலம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைத்தது. சிட்லிங்கி, அதைவிட மோசமான நிலையிலிருந்து தொடங்கி, ஏழில் ஒன்றாகக் குறைத்தது. அந்த வேறுபாட்டில்தான் உள்ளூர்ப் பணியின் பங்கைத் தேட வேண்டும். இப்படி ஒப்பிட்டுச் சொல்லும்போது சாதனை சற்றும் சிறுத்துவிடவில்லை. கேட்பவருக்கு நம்பிக்கைதான் கூடுகிறது.

ரோகியாவும் ஐந்து டாலரும்

எண்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. அவை நெஞ்சைத் தொடுவதில்லை. அமெரிக்காவில் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் கையில் ஐந்து டாலர். விரும்பினால் ஆப்பிரிக்கப் பசிக்கொடுமைக்கு அதிலிருந்து கொடுக்கலாம். மாலி நாட்டின் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியால் வாடும் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர். கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்களோ 1.43 டாலர்தான் கொடுத்தார்கள். எண் வந்து கதையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது.

இதைப் படித்ததும் நிதி திரட்டுபவர்களுக்கு எளிய வழி ஒன்று தோன்றும்: எண்களைத் தூக்கிப் போடு, ஒரு குழந்தையின் கண்ணீரை அட்டையில் போடு. பலர் அதைத்தான் செய்கிறார்கள். அது பணம் திரட்டும் வித்தையாக இருக்கலாம், ஆனால் செய்த வேலைக்குச் சாட்சியாகாது. ஒரு குழந்தை பிழைத்தது என்ற கதை உண்மையாகவே இருக்கும். அதே ஆண்டு அதே ஊரில் மூன்று குழந்தைகள் இறந்திருந்தால், அந்தக் கதையை மட்டும் சொல்வது மறைத்தல். கணக்கு இருந்தால்தான் கதை பொறுக்கி எடுத்ததா, ஊரின் நிலையைச் சொல்வதா என்று தெரியும்.

கட்சிரோலியில் நடந்தது

எண்ணையும் கதையையும் சண்டை போடவிடாமல் சேர்த்து வைத்தவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறார்கள். மருத்துவர்கள் அபய் பாங், ராணி பாங் இருவரும் 1986-இல் அங்கே 'சர்ச்' அமைப்பைத் தொடங்கினார்கள். தன் கட்டிலில் இறந்துபோன ஒரு பச்சைக் குழந்தையைப் பற்றி அபய் பாங் சொல்வதுண்டு. தாயின் பசி, மலேரியா, வறுமை, மழைக்கால ஆற்றுவெள்ளம் என்று அந்த ஒரு சாவுக்குப் பின்னால் கண்ணி கண்ணியாக நீளும் காரணங்களை அவர் அடுக்குவார். எல்லாக் கண்ணிகளையும் உடைக்க நாள் பிடிக்கும். ஏதாவது ஒன்றை உடைத்தாலும் குழந்தை பிழைக்கும் என்பார். சங்கிலியை எங்கே உடைக்கலாம் என்பதை அந்தக் கதை காட்டியது.

உடைந்ததா என்பதை எண் காட்டியது. 39 கிராமங்களில் ஊர்ப்பெண்களுக்குப் பயிற்சி தந்து பிறந்த குழந்தையை வீட்டிலேயே கவனிக்கச் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்களை வைத்துக்கொண்டார்கள். பிறப்பு இறப்புப் பதிவைத் தனி ஊழியர்கள் எடுத்தார்கள், சிகிச்சை செய்பவரே மதிப்பெண் போடவில்லை. மூன்றே ஆண்டுகளில், முதல் மாதத்துக்குள் நேரும் சாவு ஆயிரத்துக்கு 62-இலிருந்து 25 ஆனது. ஒப்பீட்டுக் கிராமங்களில் அது அறுபதை ஒட்டியே நின்றது. 1999-இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. 2011-இல் இந்திய அரசு அதே முறையை ஆஷா பணியாளர்கள் வழியாக நாடெங்கும் கொண்டுசென்றது. கதை மட்டும் இருந்திருந்தால் அரசு கண்ணீர் சிந்திவிட்டு நகர்ந்திருக்கும். எண் மட்டும் இருந்திருந்தால் கோப்பிலேயே உறங்கியிருக்கும்.

கணக்கெடுக்கத் தொடங்கியதும் நிலைமை முதலில் மோசமாகத் தெரியும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இதுவரை யாரும் எழுதாமல் புதைத்த குழந்தைகள் அப்போதுதான் ஏட்டில் ஏறுகிறார்கள். அரசுப் பதிவுகள் குழந்தைச் சாவுகளைக் குறைத்துக் காட்டுகின்றன என்று 2001-இல் மகாராஷ்டிரத்தில் பாங் குழுவினர் அறிக்கை வெளியிட்டபோது அதிர்ச்சி எழுந்தது. முதல் ஆண்டு எண் ஏறினால் நன்கொடையாளர் பதற வேண்டாம். நேர்மையான கணக்கு தொடங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

சிறிய ஊர்களின் எண்ணைக் கையாளவும் கவனம் வேண்டும். ஆண்டுக்கு நூறு பிரசவம் நடக்கும் மலைப்பகுதியில் ஒரே ஒரு சாவு, ஆயிரத்துக்குப் பத்து என்று விகிதத்தை ஏற்றிவிடும். அடுத்த ஆண்டு சாவு இல்லையென்றால் பூச்சியம். இதை வைத்துக்கொண்டு "நூறு விழுக்காடு ஒழித்தோம்" என்று விளம்பரம் செய்வது தவறு. மூன்றாண்டு, ஐந்தாண்டுச் சராசரியாகச் சொல்வதும், எத்தனை பிறப்பில் எத்தனை சாவு என்று வெளிப்படையாக எழுதுவதும்தான் முறை.

கதைக்கு உரியவர்கள்

கல்வராயன் மலைமக்கள் பற்றி வெளியில் உலவும் கதைகள் இரண்டு. ஒன்று சாராயம். மற்றொன்று மரம் வெட்டும் கூலி. 2015 ஏப்ரல் 7-இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் இருபது தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது இந்த மலைத்தொடர்களின் பெயர்கள் செய்திகளில் அடிபட்டன. இரண்டு கதைகளிலும் மலைமக்கள் குற்றவாளி அல்லது பரிதாபத்துக்குரியவர். மூன்றாவதாக ஒரு பாத்திரம் அவர்களுக்குத் தரப்படவில்லை.

தொண்டு நிறுவனத்தின் கதைசொல்லல் அந்த மூன்றாவது பாத்திரத்தைத் தர வேண்டும். பள்ளிக்குப் போகும் பெண்ணின் கதையில் நாயகி அந்தப் பெண். சைக்கிள் வாங்கித் தந்த அமைப்புக்கு ஒரு வரி போதும். கதைக்குரியவருக்கு அவர் மொழியில் எழுதியதைப் படித்துக் காட்டி, "இப்படிப் போடலாமா, பேர் வேண்டுமா, படம் வேண்டுமா" என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி விட்டுவிட வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. சாராயத்தில் கணவனை இழந்த பெண்ணின் முகத்தை நன்கொடைத் துண்டறிக்கையில் அச்சிட எந்த நல்ல நோக்கமும் அனுமதி தராது.

கிராம சபையில் படியுங்கள்

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் ஒரு பொது விசாரணை நடத்தினார்கள். அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டை ஊர்மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, வேலைக்கே போகாதவர் பெயரில் கையெழுத்து என்று ஒவ்வொரு பெயராக வெளிவந்தது. ஊர் கேட்கக் கேட்க வறட்டு ஏடு உயிருள்ள கதையாகிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை 2005-இல் கொண்டுவந்த இயக்கத்துக்கு அந்தக் கூட்டங்கள் அடித்தளம்.

அரசிடம் கேட்ட அதே கணக்கைத் தொண்டு நிறுவனங்களும் தர வேண்டும். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கல்வராயன் மலை ஊராட்சிகளில் வேலை செய்யும் ஒவ்வோர் அமைப்பும் ஆண்டில் ஒரு நாளாவது அந்தச் சபையில் நின்று தன் அறிக்கையை வாசிக்கட்டும். இந்த ஊரின் பெயரில் இவ்வளவு பணம் வந்தது, இதற்குச் செலவானது, இது மாறியது, இது மாறவில்லை. தப்பு இருந்தால் அங்கேயே ஒரு பாட்டி எழுந்து, "என் பேத்தி எப்போ தையல் கத்துக்கிட்டா?" என்று கேட்பார். அதைவிடக் கறாரான தணிக்கை எந்த நகரத்துக் கணக்காயரிடமும் கிடைக்காது.

கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. நீங்கள் வருவதற்கு முன் ஊரின் நிலை என்ன என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

2. பயனாளிகள் என்று சொல்லும்போது ஆட்களை எண்ணுகிறீர்களா, வருகைகளை எண்ணுகிறீர்களா?

3. இதே காலத்தில் பக்கத்து ஊரில், மாவட்டத்தில், மாநிலத்தில் என்ன மாற்றம் நடந்தது?

4. உங்கள் முயற்சிகளில் பலன் தராதது எது? அதன்பின் எதை மாற்றினீர்கள்?

5. இந்த அறிக்கையை அந்த ஊர்மக்கள் தமிழில் படித்தார்களா, கேட்டார்களா?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் வருகிறது. கள்ளக்குறிச்சி என்ற மாவட்டம் அதில் முதல் முறையாகத் தனியே எண்ணப்படும். அதற்குள் கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் உள்ள அமைப்புகள், ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், படித்த மலையாளி இளைஞர்கள் சேர்ந்து குக்கிராமம் குக்கிராமமாக ஒரு மக்கள் பதிவேட்டைத் தொடங்க முடியும். ஒரு நோட்டும், தேதி தவறாமல் எழுதும் ஒரு கையும் போதும். கல்வராயன் மலைக்கு உதவ நினைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். மேலே உள்ள ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதில் சொல்பவர்களுக்குக் கொடுங்கள். கொடுத்த பிறகும் ஆண்டுதோறும் கேளுங்கள்.